தைத்து மூடிய பை

ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் கோமதிநாயகம் கத்தினார்.

"என்னளா செஞ்சு வச்சிருக்கே?"

ஆவுடை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி. மடியில் துணி. மேசைமேல் புத்தகம்.

மருமகளின் அறைக்குள் அவர் இதுவரை நுழைந்ததில்லை. இன்று நுழைந்தார். தோள்துண்டு வாசற்படியிலேயே நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

காலையில் நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் நூலகர் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "உங்க மருமக குடிகாரங்களைப் பத்தி, கையாலேயே ஒரு புஸ்தகம் செய்யுதாகளாமே! ஞாயித்துக்கிழமை இங்கதான் வைக்கப் போறோம். ஊரே வரும்."

ஊரே வரும்.

அந்த ஊரிடம்தான் மகன் சங்கரபாண்டி மஸ்கட்டில் இருப்பதாக அவர் சொல்லி வைத்திருந்தார். நல்ல சம்பளம் என்றும். ஒட்டகம் பார்த்தானா என்று எதிர்வீட்டு ஆறுமுகநயினார் கேட்டதற்கு, பார்த்தான் என்றும்.

மகன் இருந்தது அடுத்த ஊரில். குடியை விட வந்தவர்களின் இல்லத்தில்.

"அவன் பக்கத்தைக் கிழி."

"கிழியாது மாமா. துணி."

மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. எடுத்துக்கொண்டார். புத்தகத்தைத் திறந்தார்.

முகம் இல்லை. படம் இல்லை. கனத்த துணிப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சட்டைப் பை. இல்லத்தில் இருப்பவர்கள் அவரவர் உடுத்திய பழஞ்சட்டையிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்தது. பைக்கு மேலே சிவப்பு நூலில் பெயர். பார்க்க வருகிறவர்கள் கையை உள்ளே விட்டு, இருப்பதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அ. லூர்து. பைக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் ஹேர்பின்.

செ. பரமசிவம். கண்டக்டர் விசில்.

மு. பேச்சியம்மாள். சட்டைப் பைக்குப் பதில் சுருக்குப்பை. உள்ளே ஒரு சீட்டு: நான் மீன்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும்.

"வெட்கங்கெட்ட ஜென்மங்க," என்றார். "அப்பன் பேரை வேற முன்னால போட்டு வச்சிருக்கு பாரு. கோயில் கல்வெட்டு மாதிரி."

புரட்டினார்.

நீலக் கோடு போட்ட பை வந்தது.

அந்தச் சட்டை அவர் எடுத்துக் கொடுத்தது. ஒரு தீபாவளிக்கு.

அந்தப் பையும் தெரியும். மகன் சாயங்காலம் வீடு திரும்பியதும் நடையில் நிறுத்தி, தெருக்கதவைச் சாத்திவிட்டு, அதில்தான் கையை விடுவார். வளர்ந்த ஆண்பிள்ளை, பெண்டாட்டி பார்க்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான். பாட்டில் அகப்பட்டால் அறை. அகப்படாவிட்டால், எங்கே ஒளித்தாய் என்று அறை.

கை தானாகப் பைக்குப் போனது.

நுழையவில்லை.

வாயைத் தைத்திருந்தது. நெருக்கமான தையல்.

"இது மட்டும் ஏன் மூடிக் கிடக்கு?"

"அவுகளே தச்சாக. இனிமே இதுக்குள்ள யாரும் கை விடப்படாதாம்."

அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கத்தரிக்கோலை அகல விரித்தார். பக்கத்தின் விளிம்பில் வைத்தார்.

அப்போதுதான் பெயரைப் படித்தார்.

சங்கரபாண்டி.

முந்தின பக்கத்துக்குப் போனார். மு. பேச்சியம்மாள். அதற்கும் முந்தினது. செ. பரமசிவம். பின்னால் இருந்த பக்கங்களையும் கடைசிவரை புரட்டினார். ஒருவர் விடாமல் தகப்பன் எழுத்தோடு நின்றார்கள்.

திரும்பி வந்தார்.

சங்கரபாண்டி.

கோமதிநாயகத்தின் 'கோ' இல்லை.

"எங்கேளா என் எழுத்து?"

ஆவுடை இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"இல்லத்து வாசல்ல வச்சு நீங்கதான மாமா சொன்னிய? என் பேரை எங்கயும் போடப்படாதுன்னு. அவுக போடல."

"சொன்னா? சொன்னா விட்டுருவானா? குடியை விடு, குடியை விடுன்னு தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். அதக் கேட்டானா? இத மட்டும் கேப்பானோ?"

சாத்திய ஜன்னலையும் தாண்டித் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"கண்டவனுக்கெல்லாம் அப்பன் இருக்கான். என் மகன் மட்டும் அநாதையா?"

அவள் எட்டி, பெயருக்கு முன்னால் விரலை வைத்தாள்.

அங்கே ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

"தை. இப்பவே தை."

"நான் தைக்க மாட்டேன்."

ஊசியைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். சிவப்பு நூல்கண்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் முதுகு சாயாமல் உட்கார்ந்து பழகியவர். நாற்காலியை இழுத்துப் போட்டார். குனிந்தார். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. நூல்கண்டிலிருந்து நூலை நறுக்கினார்.

ஊசியைத் தூக்கிப் பிடித்தார். காது தெரியவில்லை. நூல் முனையை எச்சில் தொட்டுத் திரித்தார். தப்பியது. மறுபடியும் தப்பியது.

"என்ன எழவு ஊசி இது!"

கோத்துக் கொடு என்று அவர் கேட்கவில்லை. கொடுங்கள் என்று அவளும் கை நீட்டவில்லை.

எழுந்து போய் ஜன்னல் கொண்டியை நீக்கினாள். இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள்.

வெயில் மேசையில் விழுந்தது. ஊசியிலும் விழுந்தது.

தெருவில் போன ஆறுமுகநயினார் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். புத்தகத்தை. பெயரை. கோமதிநாயகத்தின் கையிலிருந்த சிவப்பு நூலை.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லும்வே."