வேண்டாம் டீச்சர்

அஞ்சாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. வேண்டாம் டீச்சர்.

என்ன அழகு. என்ன ராகம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே ராகம்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிடிக்காத மாதிரி யாராவது தொட்டால் என்ன சொல்லணும் என்றுதான் கேட்டிருந்தாள். ஒரு வாரமாக இந்தப் பாடம்தான். பலகையில் உடம்பை வரைந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் உள்ள பெயரைக் கூச்சப்படாமல் சொல்லி, கெக்கேபிக்கே என்று சிரித்த பையன்களை அடக்கி, இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு நடத்தக் கூடாதா என்று தலைமையாசிரியர் கேட்டார். அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டாள்.

இன்றோடு பள்ளி மூடுகிறது. கோடை விடுமுறை.

கடைசி பெஞ்சு ஓரத்தில் நேத்ராவின் வாயும் மற்றவர்களோடு சேர்ந்து அசைந்தது. சத்தம் வந்ததா தெரியவில்லை.

அரையாண்டு லீவில் பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை. போகும்போது அப்படி ஒரு வாயாடி. வந்த நாளிலிருந்து, பக்கத்தில் யார் வந்து நின்றாலும் உடம்பை இறுக்கிக்கொள்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை டீச்சர். அம்மாவைக் கேட்டால், வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்கிறாள்.

நாளைக்கு மறுபடியும் பெரியப்பா வீடு. இரண்டு மாதம்.

தெரியாமல் ஒரு குடும்பத்து மேல் பழி போடாதீங்க என்றார் தலைமையாசிரியர். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. பிள்ளை வாய் திறக்கணும். இன்றைக்கே திறக்கணும்.

சாக்பீஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கன்னத்தைக் காட்டு, கிள்ளணும் என்றாள் முதல் பெஞ்சுப் பையனிடம்.

காட்டினான்.

அடுத்தவளும் காட்டினாள். அதற்கடுத்தவன் எழுந்து வந்தே காட்டினான்.

அட கடவுளே. ஒரு வாரமாக இவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதானா? டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். டீச்சர் கேட்டதைக் கொடுக்கிறார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வேண்டாம் என்று டீச்சரிடமும் சொல்லலாம். அப்பாவிடமும் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பெரியவர்களிடமும் சொல்லலாம். திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன்.

வகுப்பு நம்பவில்லை.

கையை நீட்டியபடி நின்றாள்.

முதல் பெஞ்சுப் பையன் அப்படியும் இப்படியும் நெளிந்தான். பிறகு, வேண்டாம் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சட்டென்று கையை எடுத்தாள். சரி என்றாள்.

அவ்வளவுதான். பையனுக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி முணுமுணுத்தாள். ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். ஒவ்வொரு முறையும் கையை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் சரி என்றாள்.

நேத்ராவின் முறை வரும்போது மணி அடித்துவிட்டது.

பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். போகிறவர்கள் போகட்டும். நேத்ராவை மட்டும் இருக்கச் சொன்னாள்.

கையை நீட்டினாள்.

நேத்ரா எழுந்து வந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினாள்.

டீச்சர் தொடவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை. தோள் கடுத்தது. கடுக்கட்டும். விடிய விடிய நிற்கவேண்டி வந்தாலும் நிற்பது என்று முடிவுகட்டிவிட்டாள்.

வராண்டாவில் சத்தம் அடங்கியது.

நேத்ரா கண்ணைத் திறந்தாள். கையைப் பார்த்தாள்.

வேண்டாம் என்றாள்.

ராகம் இல்லை. டீச்சரும் இல்லை. வெறும் வேண்டாம்.

கையை எடுத்தாள். சரிடா கண்ணு என்றாள். கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான்.

நேத்ரா நகரவில்லை. அந்தக் கை போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அப்பவே சொன்னேன் டீச்சர். பெரியப்பா கையை எடுக்கல."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள், பிள்ளையின் முகத்துக்கு நேராக. நீ சொன்னது சரி என்றாள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். நேத்ரா அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

வாசலில் அம்மா ஸ்கூட்டியை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத் துணி எடுத்து வைக்கணும், சீக்கிரம் அனுப்புங்க என்று குரல் வந்தது.

அம்மாவிடம் சொல்ல நானும் கூட வரட்டுமா என்று டீச்சர் நேத்ராவிடம் கேட்டாள்.

நேத்ரா தலையாட்டினாள்.

டீச்சர் முன்னால் நடந்தாள்.