இரண்டாவது பிரேக்

"ஏறுறதுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு, இறங்குறதுக்கு இருபத்தொண்ணு. அதுக்கப்புறம் நேரா கடல்தான்!" என்றார் வாத்தியார், சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் விரலை ஓட்டியபடி.

"மொத்தம் முப்பத்தெட்டு ஊசியா? என் கொண்டையிலயே அத்தனை கிடையாது" என்றாள் அவர் மனைவி, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பத்தோரு வருஷம் அதே நாலு தெருவை ஆமை வேகத்தில் சுற்றிச் சுற்றி வந்தவர். அவரிடம் பழகியவர்கள் எங்கெங்கோ ஓட்டிக்கொண்டு போனார்கள். பாவம், மனிதர் மட்டும் ரயில்வே கேட்டைத் தாண்டியதில்லை.

போன வருஷம் அவருக்கு இடது கண் மங்கியது. வலது கண்ணும் அதே வழியில்தான் போகும், இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரையோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கே பயிற்சிப் பள்ளியை மூடினார். தன் லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மலைப்பாதையிலயே போய்க் கடலைப் பாத்துட்டு வந்துடலாம்மா. நீ ஓட்டு. நான் சொல்லித் தரேன்."

ஐம்பத்தாறு வயதில் அவள் ஓட்டப் பழகினாள். தட்டுத் தடுமாறி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனாலும் மலை என்றால் அவளுக்குப் பயம். இன்னும் சரி என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"நம்மகிட்ட பழகின லாரிக்காரர் கிட்ட விசாரிச்சுட்டேன். பாதி மலையில ஒரு அருவி இருக்காம். சாரல் ரோட்டு மேலயே அடிக்குமாம்!"

"ஐயையோ, வழுக்குமே!"

"மூஞ்சியில சில்லுனு அடிக்கும்னு நான் சொல்றேன். உனக்கு வழுக்கல்தான் தெரியுதா?"

"ஓட்டுறவளுக்குத்தானே அந்தக் கஷ்டம்."

"அப்ப ஓட்டுறேன்னு ஒத்துக்கிட்டே!"

"ஆமா, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்." அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க, என் லட்சணம் எனக்குத் தெரியும். மார்க்கெட் முனையில நாய் குறுக்கே பாஞ்சப்போ வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சே, அது நானா? நீங்க காலால ஓங்கி மிதிச்சதை என் கண்ணால பாத்தேனே!"

"மிதிச்சேன்தான்" என்றார் வாத்தியார்.

"பாலத்து இறக்கத்துல அந்த சைக்கிள்காரர்?"

"அப்பவும் மிதிச்சேன்தான்" என்று வரைபடத்தின் மடிப்பை நீவிவிட்டார்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் பழக்குகிறவர் மிதிப்பதற்காக. அவள் உயிரே அந்தப் பிரேக்கில்தான் இருந்தது.

"டெஸ்ட்ல பாஸானதுகூட நான் எங்கே? பக்கத்துல ஆபீசர் காலு அது மேல இருந்துச்சு."

"அந்த ஆளா? அவர் பாதித் தூக்கத்துல இல்ல இருந்தாரு!"

"சிரிக்காதீங்க. ஒரே கண்டிஷன். வீட்டு வாசல்லேர்ந்து கடல் வர்ற வரைக்கும் உங்க கண்ணு ரோட்டுல, காலு பிரேக்ல. அருவி, மேகம்னு வேடிக்கை பாக்கக் கூடாது. முடியும்னா கிளம்பலாம்."

"அப்ப நான் எதுக்கு? என் செருப்பை மட்டும் கூட்டிட்டுப் போ" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வரைபடத்தை மடித்த கை மெதுவாகத்தான் மடித்தது.

அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்தை விட்டால் அவர் கண்ணுக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை. அது தெரியாதவளா அவள்? பயம் ஒரு பக்கம் இழுத்தது, அவர் முகம் ஒரு பக்கம் இழுத்தது.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து காரின் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். அந்த வண்டியைப் பதினைந்து வருஷமாகப் பார்ப்பவர். வாத்தியார் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, ஆயில், டயர் எல்லாம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுக்கா. வண்டி குதிரை மாதிரி இருக்கு. தைரியமா ஏறுங்க."

"எனக்கு எங்கேப்பா தைரியம்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் பக்கத்து பிரேக்கைத்தான் நல்லா டைட் பண்ணி விடு. சும்மா தொட்டாலே வண்டி நிக்கணும். அப்பத்தான் அவரு நிம்மதியா ஜன்னல் பக்கம் திரும்பி நாலு இடத்தைப் பாப்பாரு. ஆசைப்பட்ட மனுஷன், ரோட்டையே வெறிச்சுக்கிட்டு வரச் சொல்ல எனக்கு மனசு கேக்கலை."

மெக்கானிக் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எதை டைட் பண்றதுக்கா? அங்க வெறும் பெடல்தானே இருக்கு. 'எறும்பு குறுக்கே வந்தாலும் என் காலு மிதிச்சுடும்ப்பா, அப்புறம் அவ என்னிக்குத் தானா ஓட்டுவா'ன்னு வாத்தியார் சொன்னாரு. நீங்க மைதானத்துல பழகி முடிச்சு முதல் முதலா தெருவுக்கு வண்டி எடுத்தீங்களே, அன்னைக்குக் காலையிலயே அந்தப் பெடலோட கேபிளைக் கழட்டச் சொல்லிட்டாரே!"