முன்தண்டு

"மாமா, கைய எடுங்க. இந்த வருசம் முன்தண்டு எனக்கு."

மாசி மகத்துக்கு அம்மன் கடலுக்குக் கிளம்புகிற நேரம். ஊரே கூடி நிற்கும்போதுதான் பாண்டியன் இப்படிச் சொன்னான்.

பழனிவேலுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகப் பல்லக்கின் முன்தண்டு அவர் தோளில்தான். அதைப் பிடுங்க வந்தவன், பெண்டாட்டியின் சொந்தத் தம்பி.

"ஏன் மச்சான், எனக்கென்ன நோக்காடு?"

கேட்டுவிட்டாரே தவிர, நோக்காடு இருந்தது. போன வாரம் வயிற்றுவலி என்று சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது.

"நெஞ்சுலேர்ந்து வயித்துக்கு இறங்குற பெரிய ரத்தக்குழாய், பெருந்தமனி. தேஞ்ச சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்துல பொடைச்சிருக்கு" என்றார் டாக்டர். "ஆபரேஷன் அளவுக்கு இன்னும் வரல. ஆனா பீடி கூடாது, பாரம் கூடாது, கோவம் கூடவே கூடாது. வெடிச்சா ஆஸ்பத்திரி வந்து சேர மாட்டீங்க."

பீடியை விட்டார். ஃபைலை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் ஒளித்தார். முன்தண்டை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. முடியவில்லை என்று சொன்னால், நாளைக்கு வலை இழுக்க எவன் கூப்பிடுவான்? வருவது வரட்டும் என்று துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"வயசாயிடிச்சி மாமா. நீங்க தூக்குனா சாமியே சாயுது. தள்ளிக்கங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"தெனம் மாமன் வண்டிய வாங்கி ஓட்டுறான், நன்றி கெட்ட பய" என்றாள் கூட்டத்தில் நின்ற இருசம்மாள்.

பழனிவேல் துண்டை உதறினார். "நீயே தூக்குடா. இனிமே இந்தத் தண்டத் தொட்டா நான் மனுசன் இல்ல."

விறுவிறுவென்று போய்க் கடற்கரை மணலில் உட்கார்ந்தார். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

தீர்த்தவாரி முடிந்து பாண்டியன் வந்தான். தோள் கன்றிப் போயிருந்தது. வண்டிச் சாவியை நீட்டினான். பழனிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காலையில பெட்ரோல் போட சீட்டத் தொறந்தேன் மாமா. ஊர்ல யாருக்கும் தெரியாது. அக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

பழனிவேல் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"மொதப் பக்கத்துல பாரம் தூக்கக் கூடாதுன்னு பாத்ததும் ஃபைல மூடி வெச்சிட்டேன்" என்று பாண்டியன் தலையைச் சொறிந்தான். "கோவப்படக் கூடாதுன்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கறத இப்பதான் பாத்தேன். மன்னிச்சிடுங்க மாமா."