பகல்காரர்

இன்றைக்கு முடித்துவிட வேண்டும். எல்லார் முன்னாலும், ஒரே வீச்சில். நடுங்கக் கூடாது. பாவம் பார்க்கக் கூடாது.

அக்மரால் வெந்த ஆட்டிறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலேயே தீட்டி வைத்த கத்தி எலும்பு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"யாரை வெட்டறதுக்குடி இவ்வளவு கூர்?" தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓரகத்தி கேட்டாள். "அந்த ஆடு செத்தாச்சு. இனிமே எழுந்து ஓடாது."

"பல்லு போன பெரியவங்க நெறையப் பேர் வந்திருக்காங்களேக்கா. சின்னதா நறுக்கினாத்தானே மெல்லுவாங்க?"

உள்ளே விரிப்பைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன். ஜன்னலுக்கு வெளியே, கிஸில்கும் பாலைவன மணலின் விளிம்பில், போன வருஷம் பதித்த மின்சாரத் தகடுகள் ஏரி மாதிரி நீலமாகக் கிடந்தன.

"நீங்களும் வந்து உட்காருங்கக்கா" என்றாள் நவாயி நகரத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் ஸர்வினோஸ். "அடுத்த தகடெல்லாம் உங்க நிலத்துலதான் வரப்போகுது."

"வரட்டும் தங்கச்சி. பகல்காரர் இத்தனை வருஷமா எங்க புல்லைத் தின்னு, கிணத்தைக் குடிச்சு, சும்மாதானே கிடக்கறார்? அவரையும் கொஞ்சம் வேலை வாங்குங்க."

"பகல்காரரா?" ஸர்வினோஸ் சிரித்துவிட்டாள். "சூரியன்னு சொன்னா என்னக்கா, நாக்கு சுட்டுடுமா?"

அக்மரால் இறைச்சியைத் தட்டில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தட்டை விரிப்பின் நடுவில் வைத்தாள். கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

தகடுகளுக்கு அடியில் புல் முளைக்கிறது. நிழலும், தகடு கழுவிச் சொட்டிய தண்ணீரும் வளர்த்த புல். அவளே வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். இந்த நிலத்துக் கிணறு யாருடையது என்று இன்று முடிவாகிறதோ, அவருடைய ஆடுகளுக்குத்தான் வேலிக்குள்ளே மேய்ச்சல். அவளுக்கும் மகளுக்கும் மிஞ்சியிருந்தது ஒரு சின்ன மந்தை. அந்தப் புல் கிடைக்காவிட்டால் அது அடுத்த கோடையைத் தாண்டாது.

கிணற்றைத் தோண்டியவன் அவள் கணவன். அவன் போன முதல் குளிர்காலத்தில், பனிப்புயல் அடித்த ராத்திரி, கிணற்றடிப் பட்டியைத் திறந்து அவளுடைய சினையாடுகளை வெளியே விரட்டியவர் அவன் அண்ணன், இதோ இந்த மூத்தவர். அவள் கண்ணால் பார்த்தாள். விடிந்தபோது ஆடுகள் நின்ற நிலையிலேயே விறைத்திருந்தன. பட்டிக்குள்ளே அவருடைய ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

காற்று திறந்துவிட்ட பட்டியில் தம் ஆடுகளை அடைத்துக் காப்பாற்றியதாக அவர் சொன்னார். பெரியவர்கள் அக்மராலைக் கேட்டார்கள்: காற்றா, ஆளா? ஆள் என்றால் யார்?

"யாருன்னு பேரைச் சொல்லட்டும், நானே அவன் தோலை உரிச்சுடறேன்" என்று எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தவரும் அவர்தான். அவள் முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுதான் என்று பேசி முடித்துக் கலைந்தார்கள். கிணறும் அவர் கைக்குப் போயிற்று.

அன்றிலிருந்து அவள் மனத்துக்குள் ஒன்றையே தீட்டிக்கொண்டிருந்தாள். பால் கறக்கும்போதும் ரொட்டி தட்டும்போதும் எடுத்துப் பார்ப்பாள். கூர் போதும் என்று தோன்றும். மறுபடி உள்ளே வைத்துவிடுவாள்.

ஸர்வினோஸ் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாள். "பதிவாகுது. எல்லாரும் கிணறு ஐயாவோடதுன்னு சொல்லிட்டீங்க. அக்கா மட்டும்தான் பாக்கி. தகராறு ஏதாவது இருந்தா, யாரோடன்னு பேர் சொல்லணும்கா. பேரில்லாத தகராறை எங்க மேலிடத்துல எடுத்துக்க மாட்டாங்க."

மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நீ டவுன் பிள்ளை, மகளே. எங்க கஜாக் வீட்டுக்கு வாழ வந்தவ, புருஷனோட அண்ணன் பேரைச் செத்தாலும் சொல்ல மாட்டா. பேர் என்ன பேரு, அந்தப் பேருக்குள்ள இருக்கற வார்த்தையைக்கூடத் தொட மாட்டா. எம்பேர்ல சூரியன் இருக்கு. அதனாலதான் இவளுக்கு அது பகல்காரர்."

"நல்ல மருமகள்" என்றார் ஒரு கிழவர், இறைச்சியை மென்றபடி.

"தங்கம்! வாய் திறந்து ஒருத்தரை ஒண்ணு சொன்னதில்ல." மூத்தவர் அக்மரால் பக்கம் திரும்பினார். அன்றைக்குப் பார்த்த அதே சிரிப்பு. "தகராறு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போம்மா. தேநீர் ஆறுது."

அக்மரால் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதனுடைய வேலை இறைச்சியோடு முடிந்துவிட்டது.

முக்காட்டை வாயிலிருந்து இறக்கிவிட்டாள். வாழ வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அப்படிச் சொல்ல மாட்டேன், குன்போலாத்."