முட்டி போட்ட நடுவர்

“ஒத்தைக் கால்ல நிக்கிறதுக்கா பொண்ணை இங்கே அனுப்பறேன்?” என்று விரிப்பின் மேல் செருப்போடு ஏறிவிட்டாள் அம்மா.

“செருப்பு” என்றாள் கராத்தே மாஸ்டர்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கோபத்தைக் கழற்றவில்லை.

போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். மிஞ்சியிருந்தது இரண்டு பேர். ஒருத்தி அம்மாவின் மகள். நீளக் கால்களுக்காகக் கொக்கு என்று பெயர். இன்னொருத்தி பம்பரம். மாஸ்டரின் சொந்த மகள்.

“உதையில ரெண்டு பேரும் சமம். தண்டால்லயும் சமம்” என்றாள் மாஸ்டர். “ஒரு கால் உதைக்கணும்னா இன்னொரு கால் தாங்கணும். அதைத்தான் இப்பப் பாக்கப்போறோம். கண்ணை மூடிக்கிட்டு மெத்தை மேல நிக்கணும். தூக்கின கால் தரையில பட்டா அவுட்.”

“பட்டுச்சா இல்லையான்னு நீங்கதானே சொல்வீங்க? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பே இல்லை. நீங்களே சொல்லுங்க.”

“நானா?”

“முட்டி போட்டு உக்காருங்க. அப்பதான் பாதம் தெரியும். நான் திரும்பிக்கிறேன்.”

மாஸ்டர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். மற்ற பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பாதம் மட்டும் வைக்கிற அளவில் இரண்டு பஞ்சு மெத்தைகள். எதிரே நாற்காலியில், அணியின் நீலச் சட்டை.

“கொக்கே, நடுவுல மீன் தேடாதே” என்றாள் பம்பரம்.

“நீ முதல்ல சுத்தாம நில்லுடி.”

இருவரும் சிரித்து முடித்தார்கள். கண்களை மூடினார்கள். கால்கள் உயர்ந்தன.

அம்மா குனிந்து பார்த்தாள். மெத்தைகள் நெளிந்தன. கணுக்கால்கள் நடுங்கின.

கொக்கின் தூக்கிய கால் தாழ்ந்தது. கட்டைவிரல் தரையைத் தொட்டது. சட்டென்று மேலே போனது.

அம்மா பம்பரத்தைப் பார்த்தாள். நட்டு வைத்தது போல் நின்றாள் பம்பரம்.

“அம்மா?” என்றாள் கொக்கு, கண்ணைத் திறக்காமல்.

“பேசாம நில்லு.”

வெகுநேரம் கழித்துப் பம்பரம் சாய்ந்தாள். பாதம் ‘பொத்’தென்று தரையில் விழுந்தது.

“பட்டுடுச்சு! என் பொண்ணுதான்!” அம்மா துள்ளி எழுந்தாள்.

மாஸ்டர் திரும்பினாள். “நீங்க சொன்னா சரி” என்று நீலச் சட்டையை எடுத்துக் கொக்கிடம் கொடுத்தாள். பம்பரம் கொக்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முகம் கழுவப் போனாள்.

“மனசுல வெச்சுக்காதீங்க மேடம்” என்றாள் அம்மா. “நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

“கண்டிப்பா” என்று சொல்லி, மாஸ்டர் வெளியே ஓடுகிறவர்களைக் கூப்பிடப் போனாள். அம்மா செருப்பைத் தேடினாள்.

சுவரோரம் பம்பரத்தின் பை திறந்து கிடந்தது.

கொக்கு நீலச் சட்டையை மடித்து அதற்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.