வியாழக்கிழமை காணாமல் போகும் புத்தகம்

"கீ புத்தகத்த நீதான் எடுத்தியா?"

குருநாதன் வாத்தியார் கேட்டதும் காலிதா ஆமென்று தலையை ஆட்டினாள்.

திருப்பாலைக்குடி பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு ஒரே ஒரு விடைப் புத்தகம்தான். அது பக்கத்தில் இல்லாவிட்டால் வாத்தியாரின் சிவப்பு மை ஒரு வரிகூட நகராது. மூன்று மாதமாக அது வியாழன் மாலை மேசையிலிருந்து காணாமல் போகும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான விடுமுறை முடிந்து சனிக்கிழமை காலை அதே இடத்தில் இருக்கும்.

வாத்தியாருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். விடையைக் கையில் வைத்துக்கொண்டும் இவள் ஏன் எப்போதும்போல் பத்துக்கு ஆறுதான் வாங்குகிறாள்?

பையைத் திறக்கச் சொன்னார். விடைப் புத்தகத்தோடு ஒரு நோட்டும் வந்தது. முதல் பக்கம் வெறுமை. இரண்டாவதும் அப்படியே. புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில்தான் பாடமே தொடங்கியது. கோணல்மாணலான எழுத்து, காலிதாவுடையது அல்ல. வகுப்பு பதினோராம் பாடத்தில் இருக்க, நோட்டு மூன்றாம் பாடத்தையே தாண்டவில்லை.

யாருடையது என்று கேட்டுப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் தகப்பனார் வாவு முகம்மதுவுக்கு எழுதக் காகிதத்தை எடுத்தார்.

காலிதாவின் கண் கலங்கிவிட்டது. "வேணாம் சார். ஒரு புகார் வந்தாலும் படிப்ப நிறுத்திருவேன்னு வாப்பா சொல்லிருக்காக."

"அப்ப உண்மையச் சொல்லு. எதுக்கு இப்படிப் பின்னாலேருந்து எழுதியிருக்கு?"

"குர்ஆன் ஓதி ஓதி, அவுகளுக்கு எதையும் வலப்பக்கத்துலேருந்து திறந்துதான் சார் பழக்கம்."

"யாருக்கு?"

"எங்க உம்மாவுக்கு. வெள்ளிக்கெழம வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் இங்கிலீஷ் படிப்பாக. வாப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு படிப்பும் போயிரும்."

வாத்தியார் எடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தத் தாயின் நோட்டில் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

"சரி, கீயப் பாத்து எழுதுறதுன்னா எல்லாமே சரியாத்தான இருக்கணும்? பக்கத்துக்குப் பக்கம் தப்பா இருக்கே. சிவப்புப் பென்சில்ல திருத்தி, பத்துக்கு நாலுன்னு மார்க்கு வேற போட்டிருக்கு?"

"உம்மா பாக்கவே மாட்டாக சார். கீ எனக்கு," என்றாள் காலிதா. "அது இல்லாம வாத்தியார் எப்படிச் சார் திருத்துறது?"