நின்றுபோன அளவு

வயிற்றில் குளிர்ந்த ஜெல்லோடு படுத்திருந்த மங்கையர்க்கரசிக்கு, ஸ்கேன் டாக்டர் சட்டென்று பேச்சை நிறுத்தியது பயமாக இருந்தது. அவர் ஒரே இடத்தை மறுபடி மறுபடி அளந்தார்.

"தலை வளந்திருக்கும்மா. பிள்ளையோட வயிறுதான் போன தடவை அளந்த மாதிரியே நிக்குது. உங்ககிட்டருந்து அதுக்குச் சத்து சரியாப் போகல. இன்னிக்கே எடுத்துடறது நல்லது."

"இவ்வளவு சின்னதா எடுத்தா பொழைக்குமா டாக்டர்?"

"உள்ள விட்டாத்தான் எனக்குப் பயம்."

திரையில் சாம்பல் நிறக் கை ஒன்று மெல்ல விரிந்து மூடியது. பெயர் வைக்கும்முன் போய்விட்ட மூத்தவளும் கடைசி ஸ்கேனில் இப்படித்தான் கையை விரித்துக் காட்டினாள். அன்று, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். மங்கையர்க்கரசியும் நம்பி வீட்டுக்குப் போனாள்.

இப்போது வயிற்றைத் துடைக்காமலே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் தியேட்டர் எந்தப் பக்கம் டாக்டர்?"